ஐபிஎஸ் தொந்தரவோடு எடைக்குறைப்பு ஆபரேஷன்: ஸ்லீவா, பைபாஸா? (கோத்தகிரி)

கேள்வி: கட்டபெட்டு_காற்று

வணக்கம். என் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 41, உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ. கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு வேலை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலையில் 1000, இரவில் 1000. தைராய்டுக்கு தைராக்ஸின் 75 மைக்ரோகிராம். கல் இருந்ததால் பித்தப்பையை எடுத்து சில வருடம் ஆகிறது.

வயிறுதான் பெரிய தொல்லை. காலையில் மூன்று நான்கு தடவை போக வேண்டும், சாப்பிட்டு எழுந்ததும் இன்னொரு தடவை. திடீரென்று இரண்டு நாள் எதுவும் போகாமல் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்ளும். ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்று சீட்டில் எழுதி, குடல் முறுக்கைத் தளர்த்தும் மெபெவெரின் கொடுத்து வருகிறார்கள். கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்ப்பது) இதுவரை எடுத்ததில்லை.

கோவையில் ஒரு சர்ஜன் சர்க்கரை இருப்பதால் பைபாஸ் என்கிறார். இன்னொருவர் ஸ்லீவ் போதும் என்கிறார். இருக்கிற வயிற்றை வைத்துக்கொண்டு எதைச் செய்தால் நல்லது? செய்வதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ப்ரோட்டீன் பவுடர் குடித்தாலே அவளுக்கு லூஸ் மோஷன் ஆகிறது, அதற்கு என்ன வழி? மலையிலிருந்து இறங்கி ஏறுவதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: குடல்_வாசல்

ஸ்லீவா பைபாஸா என்பது இரண்டாவது கேள்வி. வயிறு ஏன் இப்படி இருக்கிறது என்பது இன்னும் தெரியவில்லை, அதுதான் முதல் கேள்வி. நீங்கள் எழுதியதிலேயே இரண்டு சந்தேக நபர்கள் நிற்கிறார்கள்.

முதலாவது மெட்ஃபார்மின். நாளுக்கு 2000 மி.கி. என்பது நல்ல டோஸ், பேதி அதன் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. சாதா மாத்திரையா, எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் என்று போட்ட மெதுவாகக் கரையும் மாத்திரையா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சாதாவாக இருந்தால் எஸ்ஆருக்கு மாற்றி, சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தாலே பலருக்கு பாதித் தொல்லை அடங்கும். டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும், அக்கா தானாக நிறுத்தக் கூடாது.

இரண்டாவது பித்தநீர். பித்தப்பை இல்லாதபோது பித்தநீர் சேமிக்கப்படாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை முழுக்க உறிஞ்சாவிட்டால் மீதி பெருங்குடலில் இறங்கி, தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். சாப்பிட்டதும் ஓடுவது, மஞ்சளாகப் போவது, ஆசனவாய் எரிவது இதன் அடையாளங்கள். பித்தநீரைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் பொடி 4 கிராம் கொடுத்துப் பார்ப்பது நடைமுறையில் உள்ள வழி. அது தைராய்டு மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். தைராக்ஸின் விழுங்கி குறைந்தது நான்கு மணி நேரம் கழித்துத்தான் பொடி. மற்ற மாத்திரைகள் பொடிக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது நான்கு முதல் ஆறு மணி நேரம் பின். பேதி இல்லாத இரண்டு நாள் உப்புசத்தை இந்தப் பொடி கூட்டவும் செய்யலாம், எனவே அரை அளவில் தொடங்கச் சொல்வார்கள்.

ஐபிஎஸ் என்று சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அது கடந்த மூன்று மாதமாக, தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலி மலம் கழிப்பதோடு சேர்ந்து வருவது, போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நீங்கள் வலியைப் பற்றி எழுதவே இல்லை. வலி இல்லாவிட்டால் அந்தப் பெயரையே சந்தேகப்படலாம்.

ரத்தம் போவது, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் பேதி, காய்ச்சல், ரத்தசோகை, காரணமில்லாத எடை இழப்பு, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் கொலனோஸ்கோபியைத் தள்ளிப் போடக் கூடாது. எதுவும் இல்லையென்றாலும் வயிற்றுக்குள் கை வைக்கப் போகும்போது கீழ்க்கண்டவை முன்னாடியே வேண்டும்: ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான டிடிஜி ஐஜிஏ (கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே எடுக்க வேண்டும், நிறுத்திய பிறகு எடுத்தால் பொய் சொல்லும்), மலத்தில் ஜியார்டியா என்ற கிருமி, குடல் அழற்சியைக் காட்டும் ஃபீகல் கால்புரோடெக்டின். கால்புரோடெக்டின் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் எண் உயர்ந்துவிடும்.

கொலனோஸ்கோபி செய்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பெருங்குடல் அழற்சியான மைக்ராஸ்கோபிக் கொலைடிஸ் அப்போதுதான் பிடிபடும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் இருந்தால் நம் ஊரில் டிபியா, க்ரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சியா என்று பிரித்தே ஆக வேண்டும், இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், மருந்துகளோ ஒன்றுக்கொன்று எதிர். டிபியை க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் டிபி கொழுந்துவிட்டு எரியும்.

ஒரு வேண்டுகோள்: குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் கோத்தகிரியில் குடித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். முந்தின நாளே இறங்கி அறை எடுத்துத் தங்குங்கள்.

பதில் 2: ஸ்டேபிள்லைன்

மேலே சொன்னதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) கணக்கு 42.7 வருகிறது, சர்க்கரையும் இருக்கிறது, ஆபரேஷனுக்குத் தகுதியைப் பற்றி யாரும் தகராறு செய்ய மாட்டார்கள்.

ஸ்லீவில் இரைப்பையின் வெளி வளைவை நீளவாக்கில் ஸ்டேபிள் போட்டு, முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய் மிஞ்சும். சிறுகுடலை யாரும் தொடுவதில்லை. பைபாஸில் மேலே சுமார் 30 மி.லி. பிடிக்கிற ஒரு சின்னப் பை, அதில் சிறுகுடலை வெட்டிக் கொண்டுவந்து இணைப்பு, உணவு போகும் பாதை பொதுவாக 100 முதல் 150 செ.மீ. மினி பைபாஸ் என்று ஒன்று உண்டு, அதில் ஒரே இணைப்பு, ஒதுக்கப்படும் குடல் 150 முதல் 200 செ.மீ. வரை. மூன்றில் எண்ணெய்ப் பேதி அதிகம் வருவது இதில்தான். ஏற்கெனவே ஓடும் வயிற்றுக்கு மினி பைபாஸைப் பரிந்துரைத்தால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

பரிசோதனையில் க்ரோன்ஸ் வந்தால் ஸ்லீவ் பக்கம்தான் பெரும்பாலும் சாய்வார்கள். பின்னால் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்ட நேரலாம், பைபாஸில் அந்தக் கையிருப்பை ஏற்கெனவே வேறு வேலைக்குக் கொடுத்திருப்போம். அழற்சி அடங்கி சில மாதம் அமைதியாக இருந்த பிறகே கத்தி. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது தையல் ஆறுவது மோசம்.

வெறும் ஐபிஎஸ் அல்லது பித்தநீர்ப் பேதி என்றால் இரண்டுமே சாத்தியம். பைபாஸின் பக்கம் நிற்கும் காரணங்கள் சர்க்கரையும் நெஞ்செரிச்சலும். ஸ்லீவ் நெஞ்செரிச்சலை அதிகப்படுத்தும், ஏற்கெனவே எரிச்சல் உள்ளவருக்கு அது சரியான தேர்வில்லை. எண்டோஸ்கோபி பார்த்து, இரைப்பைப் புண் உண்டாக்கும் ஹெச்.பைலோரி கிருமி இருந்தால் ஒழித்துவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். அக்கா விஷயத்தில் இன்னொன்று: பித்தக்கல் வந்த உடம்பு. பைபாஸுக்குப் பிறகு பித்தக்குழாயில் கல் சிக்கினால் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு அதை எடுக்கும் ஈஆர்சிபி செய்வது மிகக் கஷ்டம். ஸ்லீவில் அந்தப் பாதை திறந்தே இருக்கிறது. எரிச்சல் இல்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்றால் என் ஓட்டு ஸ்லீவுக்கு.

பிறகு வயிறு எப்படி மாறும்? ஸ்லீவில் மலச்சிக்கல்தான் அதிகம். தண்ணீர் குறைவு, நார் குறைவு, மேலே இரும்பு மாத்திரை. பைபாஸில் டம்பிங், அதாவது உணவு சிறுகுடலுக்குள் வேகமாகக் கொட்டுவது. சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, முறுக்கு, பேதி என்றால் இனிப்பு அல்லது வேகமாகச் சாப்பிட்டது காரணம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் மயக்கமும் என்றால் சர்க்கரை இறங்குகிறது. நேரத்தைக் குறித்து வைத்தால் டாக்டரின் பாதி வேலை முடிந்தது.

பைபாஸ் செய்தவர்கள் ஐபிஎஸ் பழக்கத்தில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எடை நன்றாக இறங்கிய பிறகு, மாதங்களோ வருடங்களோ கழித்து, விட்டு விட்டு முறுக்கும் வலி வந்தால் அது குடல் உள்ளுக்குள்ளேயே ஒரு இடைவெளியில் புகுந்து சிக்கிய ஹெர்னியாவாக இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். மெபெவெரின் போட்டுப் படுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே இறங்கி சிடி எடுக்க வேண்டும். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் பைபாஸுக்குப் பிறகு கூடவே கூடாது, இணைப்பில் புண் வரும்.

கட்டபெட்டு_காற்று

ரொம்ப நன்றி. நெஞ்செரிச்சல் இல்லை. ராத்திரி எழுப்புவதும் இல்லை, ரத்தமும் இல்லை. மெட்ஃபார்மின் சாதா மாத்திரைதான், இப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். ஃபேக்டரியில் பால் டீ ஏழெட்டு கப் ஆகிவிடும், அதுவும் இதில் சேருமா?

பதில் 3: சாமைக்கஞ்சி

நன்றாகவே சேரும். கப்புக்கு 60 மி.லி. பால் என்று வையுங்கள், ஏழு கப்பில் 420 மி.லி. பாலின் லாக்டோஸ் கிட்டத்தட்ட 20 கிராம். செரிக்க முடியாத குடலுக்கு இது உப்புசத்துக்கும் பேதிக்கும் போதுமான அளவு. கப்புக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 70 கிராம் சர்க்கரை தனிக் கணக்கு. காஃபீனும் பெருங்குடலைத் தட்டி எழுப்பும். இரண்டு வாரம் பாலும் சர்க்கரையும் இல்லாத வரட்டீ இரண்டு கப்போடு நிறுத்திப் பார்க்கலாம். மெட்ஃபார்மினை மாற்றும் அதே வாரத்தில் செய்ய வேண்டாம், எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

ப்ரோட்டீன் பவுடர் பிரச்சினையும் அங்கேதான். டப்பாவில் வே கான்சன்ட்ரேட் (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) என்றிருந்தால் லாக்டோஸ் உண்டு. வே ஐசோலேட்டில் மிகக் குறைவு, சோயா, பட்டாணிப் பவுடரில் இல்லை. சார்பிட்டால், மால்ட்டிட்டால், இனுலின் என்ற பெயர்கள் இருந்தால் அந்த டப்பாவை வைத்துவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரம் திரவ உணவு கொடுப்பார்கள், அதற்குள் ஒத்துக்கொள்ளும் பவுடரைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

மலைச் சமையலில் அவரை, பட்டாணி, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், பேரிக்காய் எல்லாம் உப்ப வைப்பவை. பூண்டு இன்னும் மோசம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மணத்துக்கு நிகரில்லை, ஆனால் ஐபிஎஸ் குடலுக்கு அதிலுள்ள, செரிக்காமல் உப்ப வைக்கும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து ஆகாது. ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. முழுப் பற்களை எண்ணெயில் வதக்கி, எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் வரும். ரசத்தில் சேர்த்துக் கொதிக்கவிட்டால் தண்ணீரில் இறங்கிவிடும். கேரட், உருளை, அரிசி, முட்டை, மீன் எல்லாம் சாதுவானவை. இந்தக் கட்டுப்பாடு நான்கு முதல் ஆறு வாரம்தான், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

பிறகு வரும் உணவு வரிசையை ஆஸ்பத்திரியிலேயே சொல்வார்கள்: தெளிந்த திரவம், கஞ்சி மாதிரி, மசித்தது, மெத்தென்றது, ஆறு எட்டு வாரத்தில் சாதாரண உணவு. புரதம் நாளுக்கு 60 கிராமாவது. ஒரு முட்டையில் 6 கிராம்தான், ஆக பவுடர் இல்லாமல் முதல் மாதம் சிரமம். தண்ணீர் ஒன்றரை லிட்டர், மடக்கு மடக்காக, சாப்பாட்டோடு அல்ல, அரை மணி தள்ளி. இந்தக் குளிரில் தாகமே எடுக்காது, வெந்நீர் ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்து அளந்து குடிக்க வேண்டும்.

மலச்சிக்கலுக்கு என்று இசப்கோலை முதல் வாரங்களில் எடுத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஒரே தடவையில் வேண்டும், ஸ்லீவில் இறங்காது, பாதி ஊறி அடைத்துக்கொள்ளும். லாக்டுலோஸும் உப்ப வைக்கும். மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியைக் கேளுங்கள்.

டீக்கு இன்னொரு கணக்கு. இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது, டானின் இரும்பைத் தடுக்கும். கால்சியம் சிட்ரேட் 500 மி.கி. வீதம் பிரித்து, இரும்புக்கு இரண்டு மணி தள்ளி. பைபாஸ் செய்து கொழுப்புப் பேதியும் இருந்தால் ஆக்சலேட் கல் சிறுநீரகத்தில் வரலாம். கட்டி டீ ஆக்சலேட் நிறைந்தது, டீ ஃபேக்டரியில் இருப்பவருக்கு இது சும்மா சொல்வதில்லை.

பதில் 4: கல்லட்டி_வளைவு

பயணத்தைப் பற்றி மட்டும். மேட்டுப்பாளையம் 33 கி.மீ. தான், ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிந்தால் எப்போது திறக்கும் என்று தெரியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். தேதியைப் பொங்கலுக்கு அப்புறம் வையுங்கள். ஸ்டேபிள் போட்ட இடத்தில் கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான் வரும், அதனால் டிஸ்சார்ஜ் ஆனதும் மலை ஏறாமல் பத்து நாளாவது கோவையிலேயே இருங்கள். நாடி 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், இடது தோள் வலி, மூச்சு வாங்குவது வந்தால் போன் போட்டுக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

ஏறும்போது முன் சீட்டு, வாந்தி மாத்திரை. வாந்தி நிற்காமல் சில நாள் தொடர்ந்தால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்ட பிறகே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், உள்ளூர் கிளினிக்கில் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஆபரேஷன் பெயர், தேதி, குடல் நீளம் எழுதிய தாள் ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ்: தனியார் பாலிசிகளில் ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த பொது விதி, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவற்றோடு. அக்காவின் 42.7 முதல் வரியிலேயே வருகிறது. ஆனால் காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும், முன் அனுமதிக்கு மலை இறங்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

குடல்_வாசல்

நான் மேலே சொன்ன மெட்ஃபார்மின் எஸ்ஆர் இப்போதைக்குத்தான். பைபாஸ் செய்தால் மெதுவாகக் கரையும் மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாது, சாதா மாத்திரைக்கோ திரவத்துக்கோ திரும்ப மாற்ற வேண்டும், டோஸும் குறையும். எடை இறங்க இறங்க தைராக்ஸின் 75-ம் அதிகமாகிவிடலாம். அதிகமானால் அதுவே பேதியாக்கும், படபடப்பும் தரும், டம்பிங் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவது மாதம் டிஎஸ்ஹெச் எடுத்துவிடுங்கள்.