விச்சிட்டா மலையில் ஒரு விடியல்

பயணங்களில் எதிர்ப்பட்ட காட்டு விலங்குகளைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிவருகிறீர்கள். என் பங்குக்கு இது.

நவம்பர் முதல் வாரம். நானும் கல்லூரிக் காலத்து நண்பனும் டாலஸிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினோம். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தின் தென்மேற்கில், லாட்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது விச்சிட்டா மலைகளின் வனவிலங்குக் காப்பகம்.

மலை என்றதும் ஊட்டியையும் கொடைக்கானலையும் நினைத்துக்கொண்டு போக வேண்டாம். பேர்பெற்ற மவுண்ட் ஸ்காட்டே 2,464 அடிதான். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல் மண்டிய பிரெய்ரி சமவெளி. அதன் நடுவே 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கிரானைட் பாறைகள் சட்டென்று எழுந்து நிற்கின்றன. மலைக்கு உயரம் கொடுப்பதே அந்தப் புல்வெளிதான் என்பது என் கட்சி. உச்சி வரை தார்ச்சாலை உண்டு. சனிக்கிழமை மாலை நாங்களும் ஏறிப் பார்த்தோம். காற்று கேமரா முக்காலியை நிற்கவிடவில்லை; கேமரா பையைக் கனத்துக்குக் கட்டித் தொங்கவிட்டும் படம் ஆடியது. மேலிருந்து பார்த்தால் குன்றுகளெல்லாம் படிந்து தட்டையாகிவிடுகின்றன. கீழே இறங்கி, முழங்கால் உயரப் புல்லை முன்னால் வைத்து எடுத்தபோதுதான் மலை மலையாக வந்தது. அந்தப் பருவத்தில் புல் செப்பு நிறத்தில் இருக்கும். பாறை முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகப் படர்ந்திருப்பவை லைக்கன்கள். நம் வீட்டு மசாலாவில் சேரும் கல்பாசிக்கு உறவு.

மறுநாள் விடியுமுன்னே ஏரிக்கரைப் பாதையில் இறங்கினோம். நண்பன் முன்னால், நான் பின்னால். இருபது அடிகூட நடந்திருக்க மாட்டோம். சட்டென்று நின்று, கையைப் பின்னால் நீட்டி என்னைத் தடுத்தான். எதிரே பாதையோரம் கறுப்பாக ஒரு பாறை. அது புஸ்ஸென்று மூச்சு விட்டது.

ஆண் பைசன், அதாவது அமெரிக்கக் காட்டெருமை. தனியாக நின்றிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே பதினைந்து தப்படி இருக்கலாம். நண்பன் மாடு கன்றுகளோடு வளர்ந்தவன். "வாலைப் பார். தூக்குகிறது. முதுகைக் காட்டாமல் பின்னால் வா" என்றான், உதடு மட்டும் அசைய. வால் உயர்ந்தால் அது எரிச்சலில் இருக்கிறது என்று அர்த்தம். நன்கு வளர்ந்த ஆண் 900 கிலோ வரை இருக்கும். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நாங்கள் ஓடி ஜெயிக்கிற கணக்கே இல்லை. ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

அரைமணி நேரம் கழித்து அதுவே மேய்ந்துகொண்டு வண்டிப் பக்கம் வந்தது. இப்போது வால் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலை நாலு விரல் அகலம் இறக்கினேன். நாக்கால் சுருட்டிப் புல்லைப் பிடுங்கும் சத்தம் 'சர்க் சர்க்' என்று கேட்டது. தாடியில் வெண்பனி, நெற்றிச் சுருள்முடியில் ஏதோ முள்காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கிழக்கே வெளிச்சம் வந்து பின்னாலிருந்த கிரானைட் சிவந்தபோது நாலு படம் எடுத்தேன். மூன்றில் ஜன்னல் விளிம்பு விழுந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை.

இந்த மலையில் பைசனைப் பார்ப்பது வெறும் விலங்கைப் பார்ப்பதல்ல. கோடிக்கணக்கில் திரிந்தவற்றை வேட்டையாடி, 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். 1907இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச் சாலையிலிருந்து 15 பைசன்களை ரயிலேற்றி இங்கே அனுப்பினார்கள். அவை வந்திறங்கியதைப் பார்க்க, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கோமாஞ்சி மக்களும் அவர்கள் தலைவர் குவானா பார்க்கரும் திரண்டிருந்தார்கள். தங்கள் மண்ணில் இல்லாமலே போன உயிர் ரயில் பெட்டியிலிருந்து திரும்பி வருவதைக் கண்டவர்களின் மனநிலையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இன்று இங்கே சுமார் 650 இருக்கின்றன.

மறுமொழி:

படித்ததும் எங்கள் பயணம் நினைவுக்கு வந்தது. நாங்கள் ஏப்ரலில் போனோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஆனால் இடி இடித்துக்கொண்டே இருந்தது. கூடாரத்தை மடித்துவிடலாமா என்று மனைவி கேட்டபோது பக்கத்தில் தங்கியிருந்த பெரியவர்தான் சொன்னார்: அருகிலிருக்கும் ஃபோர்ட் சில் ராணுவத் தளத்தில் பீரங்கிப் பயிற்சியாம். லாங்ஹார்ன் என்னும் நீண்ட கொம்பு மாடுகள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் சாலை நடுவே அசைபோட்டுக்கொண்டு நின்றன. ஒரு கேள்வி ஐயா: மவுண்ட் ஸ்காட்டை முழுதாக எடுக்க எங்கே நிற்க வேண்டும்?

பதில்:

அடிவாரத்து லாட்டன்கா ஏரியின் எதிர்க்கரைக்குப் போங்கள். காற்று எழுமுன் விடியற்காலையில் நின்றால் மலை தண்ணீரிலும் தெரியும். புல்லுக்குள் இறங்குமுன் டார்ச்சைச் சுற்றிலும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள். நண்பன் இதை அவசியம் எழுதச் சொன்னான்.