90 டிகிரி திரும்பும் வரிசை நடுவில் சுருங்குது, டிரில்லில் எங்கே தப்பு?

மிட்செட்:

டிரம் கோர் (மைதானத்தில் நடந்தபடியே வாசிக்கும் பித்தளை, டிரம் குழு) டிரில் எழுதுபவர்களிடம், அதாவது யார் எப்போது எங்கே நிற்கணும் என்று வரைபவர்களிடம், ஒரு கேள்வி. 21 பேர் கொண்ட வரிசை. நடுவில் 9 ஸ்நேர் டிரம், இரண்டு பக்கமும் ஆறாறு டிரம்பெட். இடைவெளி 2 ஸ்டெப் (5 யார்டுக்கு 8 ஸ்டெப், ஒன்று 22.5 அங்குலம்), ஆக மொத்த நீளம் 40 ஸ்டெப், 25 யார்டு. செட் 14-ல் (செட் என்றால் டிரில்லில் குறித்த ஒரு நிலை) அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் முன் ஹாஷ் குறிகள் மேல் (ஹைஸ்கூல் ஹாஷ்), மைதானத்தின் நடுக்கோடான 50 யார்டு லைனை நடுவாக வைத்து, பார்வையாளரைப் பார்த்தபடி குறுக்கே நிற்கிறார்கள். செட் 15-ல் அதே வரிசை 50 யார்டு லைன் மேலேயே முன்பின்னாக நிற்கணும். 24 கவுண்ட், டெம்போ 168, அதாவது நிமிடத்துக்கு 168 கவுண்ட், கவுண்டுக்கு ஒரு ஸ்டெப். நடு ஸ்நேர் இடத்தை விட்டு அசையாது.

பைவேரில் (டிரில் எழுதும் மென்பொருள்) இரண்டு செட்டும் சுத்தமாக இருக்கு. களத்தில் 10-வது கவுண்ட் வாக்கில் ஸ்நேர்கள் முன்னால் இருப்பவர் முதுகில் டிரம்மை இடிக்கிறார்கள். 18-க்கு மேல் தானாகவே சரியாகிவிடுகிறது. "இடைவெளி பார்த்து நடங்க" என்று சொல்லிப் பயனில்லை. இசை பூட்டியாச்சு, 24-ஐ 32 ஆக்க வழியில்லை. இடைவெளியை 3 ஸ்டெப் ஆக்கணுமா?

எட்டுக்கு_ஐந்து:

வேண்டாம். நடப்பவர்கள் மேலும் தப்பில்லை. சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக நடப்பதால்தான் இடிக்கிறது.

இரண்டு செட்டை மட்டும் போட்டால் மென்பொருள் ஒவ்வொருவருக்கும் ஒரு டாட்டிலிருந்து (அவர் நிற்கும் புள்ளி) அடுத்த டாட்டுக்கு நேர்கோடு போடும். நடப்பவருக்கும் அதுவேதான் பயிற்சி: நேர்ப்பாதை, சம ஸ்டெப். உங்கள் கடைசி டிரம்பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 50-லிருந்து 20 ஸ்டெப் வெளியே கிளம்பி, ஹாஷுக்கு 20 ஸ்டெப் பின்னே போய்ச் சேருகிறார். நேரே போனால் 12-வது கவுண்டில் 10 ஸ்டெப் வெளியே, 10 ஸ்டெப் பின்னே. நடுவிலிருந்து தூரம் 14.1 ஸ்டெப்தான், இருக்க வேண்டியது 20. அதே விகிதத்தில் எல்லோரும் உள்ளே வருவார்கள். 45 அங்குல இடைவெளி 31.8 அங்குலம் ஆகிவிடுகிறது.

அதோடு வரிசை அப்போது 45 டிகிரி சாய்ந்திருக்கும், உடம்பு மட்டும் முன்னே பார்த்திருக்கும். பக்கவாட்டில் 22.5 அங்குலம், முன்பின்னாக 22.5 அங்குலம், இவ்வளவுதான் மிச்சம். டிரம்மின் விட்டமே 14 அங்குலம், அதுவும் வயிற்றுக்கு முன்னால் துருத்திக்கொண்டு. முதுகில் இடிக்காமல் என்ன செய்யும்? (இதே முறையில் 180 டிகிரி எழுதிப் பாருங்கள், 12-வது கவுண்டில் 21 பேரும் ஒரே டாட்டில் நிற்பார்கள்.)

இடையில் செட் போட்டுத் துண்டாக்குவதுதான் வழி. 12-ல் ஒரே ஒரு செட் போட்டாலும் துண்டின் நடுவில் 41.6 அங்குலம் வரை சுருங்கும். 8 கவுண்டுக்கு 30 டிகிரி என்று மூன்றாகப் பிரித்தால் 43.5-க்குக் கீழே போகாது, அது கண்ணுக்கே தெரியாது. முனை ஆளின் டாட்:

8-வது கவுண்ட்: 40 யார்டு லைனுக்கு 1.25 ஸ்டெப் வெளியே, ஹாஷுக்கு 10 பின்னே.
16-வது கவுண்ட்: 45-க்கு 2 ஸ்டெப் வெளியே, ஹாஷுக்கு 17.25 பின்னே.

மற்றவர்களுக்கும் கால் ஸ்டெப் துல்லியத்தில் எழுதி, டாட் புத்தகத்தில் தனி வரியாக ஏற்றுங்கள். "வளைஞ்சு போங்க" என்று வாயால் சொல்லிவிட்டால் ஆளுக்கொரு வளைவு வரும்.

ஸ்டெப் அளவு கூடுகிறது, அதையும் பாருங்கள். நேர்ப்பாதையில் முனைக்கு 26.5 அங்குலம். மூன்று துண்டில் 29.1, கிட்டத்தட்ட 6-க்கு 5 (5 யார்டுக்கு 6 ஸ்டெப்). டெம்போ 168-ல் இது நொடிக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். முன்னே வரும் முனை சமாளிக்கும். பின்னே போகும் ஆறு டிரம்பெட்டும் முன்பாதத்தில் நின்று, ஊதிக்கொண்டே பின்னோக்கி இந்த வேகத்தில் போகணும். முதல் 8 கவுண்டில் நீண்ட சுரம் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்தில் உதடு ஆடும். அரேஞ்சரிடம் (இசையை எழுதிக் கொடுப்பவர்) அந்த ஆறு பேருக்கு மட்டும் 8 கவுண்ட் ஓய்வு கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் வரிசை மொத்தத்தையும் திரும்பும்போதே 4 ஸ்டெப் முன்னே நகர்த்துங்கள். பின்னே போகும் முனைக்கு அவ்வளவு பாரம் குறையும், முன்முனைக்கு ஏறும்.

ஹாஷ் பற்றியும் ஒன்று. ஹைஸ்கூல் ஹாஷ் முன்கோட்டிலிருந்து 53 அடி 4 அங்குலம். 28 ஸ்டெப் என்று சொல்லிக்கொள்கிறோம், கணக்குப்படி 28.44. காலேஜ் ஹாஷ் 60 அடி. அடுத்த மைதானத்தில் காலேஜ் ஹாஷ் மட்டும் இருந்து, யாரும் டாட்டை மாற்றிக் கொடுக்கவில்லை என்றால், ஹாஷை வைத்து நிற்பவர்கள் மூன்றரை ஸ்டெப் பின்னே போய்விடுவார்கள். முன்கோட்டை வைத்து நிற்பவர்கள் அங்கேயே இருப்பார்கள். மோதல் அங்கேதான் தொடங்கும்.

குறுக்குநடை:

மேலே சொன்னது சரி. ஆனா டாட் சரியானாலும் ஸ்நேர் பக்கம் இன்னும் ரெண்டு சங்கதி இருக்கு.

முதல்ல கால். பேட்டரி (டிரம்மை மாட்டிக்கிட்டு நடக்கிறவங்க) உடம்பைத் திருப்பாது, எந்தத் திசைன்னாலும் காலைக் குறுக்கே போட்டுப் போற நண்டு நடைதான். உங்க வரிசையில் ஓரத்து ஸ்நேருக்கு ஸ்டெப் 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் உள்ளே வரும், அது சுகமான அளவு. நடு ஆளுக்குப் பக்கத்து ஸ்நேரைப் பாருங்க: 24 கவுண்டில் மொத்தமே 3 ஸ்டெப் சொச்சம், கவுண்டுக்கு 3 அங்குலம்கூட இல்லை. இவ்வளவு சின்ன ஸ்டெப்பை யாரும் சமமாப் பிரிச்சு நடக்க மாட்டாங்க. முதல் 8 கவுண்டிலேயே டாட்டுக்குப் போய் நின்னுடுவாங்க, ரெண்டாவது ஆள் அவர் மேல வந்து நிப்பார். அவங்களுக்கு இடைச் செட் டாட்டைப் புத்தகத்தில் கொடுத்தா மட்டும் போதாது. களத்தில் சுண்ணாம்பு வெச்சு 8, 16 ரெண்டுலயும் நிறுத்தி நிறுத்தி நடக்க விடுங்க. அப்புறம் குச்சியோட, கடைசியில் டிரம் மாட்டிக்கிட்டு. முதல் நாளே டிரம்மோட ஆரம்பிச்சா முன்னாடி ஆளோட முதுகைப் பார்த்து ஒதுங்குற பழக்கம் வந்துடும். அதை அழிக்கத் தனியா ஒரு வாரம் ஆகும்.

அடுத்தது சத்தம். குறுக்கே நிக்கும்போது 9 ஸ்நேரும் பார்வையாளருக்கு ஏறக்குறைய ஒரே தூரம். செட் 15-ல் முதல் ஸ்நேருக்கும் கடைசி ஸ்நேருக்கும் நடுவே 30 அடி. சத்தம் நொடிக்கு 1,125 அடி போகுதுன்னு வெச்சா 27 மில்லிசெகண்ட் வித்தியாசம். எல்லாரும் டிரம் மேஜர் (தாளம் காட்டுறவர்) கையைப் பார்த்து அச்சாக அடிச்சாலும் மேலே ஃப்ளாம் (ஒட்டி விழுற ரெட்டை அடி) மாதிரிதான் கேட்கும். டிரம்பெட்டையும் சேர்த்தா 75 அடி, 67 மில்லிசெகண்ட். டெம்போ 168-ல் ஒரு பதினாறாம் சுரமே 89தான். தாளத்துக்கு நடு ஸ்நேர்தான் எப்பவும் தலைன்னாலும், வரிசை 60 டிகிரியைத் தாண்டினதும் முன்னாடி இருக்கிற நாலு பேரும் பின்னாடி கேட்டு அடிக்கணும், பின்னாடி இருக்கிறவங்க முன்னாடி கேட்கவே கூடாது. எந்தக் கவுண்டில் காது மாறுதுன்னு நோட்டேஷன்லயே குறிச்சுக் கொடுங்க. நான் 16-ன்னு எழுதுவேன்.

பேஸ் டிரம்மை இந்த வரிசைக்குள்ள கொண்டுவர எண்ணம் இருந்தா விட்டுடுங்க. அவங்க பக்கம் பார்த்து நிக்கிறவங்க. 2 ஸ்டெப்பில் திரும்பவே முடியாது.

மேல்படி:

எல்லோரும் கவுண்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் இந்த நகர்வின் அழகு திரும்புவதில்தான். போய்ச் சேரும் உருவத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. 50-ன் மேல் முன்பின்னாக 21 பேர் நின்றால் நடுப் படிகளின் கீழ் வரிசையில் உட்கார்ந்தவருக்கு முதல் டிரம்பெட்டும் அவர் பின்னால் ஒரு கும்பலும்தான். பத்திரிகையாளர் அறை உயரத்திலிருந்தும் முன்பின் இடைவெளி பாதியாகச் சுருங்கித்தான் தெரியும். அதனால் செட் 15-ல் நிறுத்தி மூச்சு விடாதீர்கள். 24-வது கவுண்டே அடுத்த நகர்வின் முதல் அடியாக இருக்கட்டும்.

1983 முதல் 1985 வரை மூன்று ஆண்டும் கார்ஃபீல்ட் கேடட்ஸ் கோர் டிசிஐ (அமெரிக்க டிரம் கோர் போட்டி) பட்டம் வென்றபோது ஜார்ஜ் ஜிங்கலி எழுதிய டிரில்லைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஒத்திருக்கணும் என்ற பழக்கத்தை அவர் உடைத்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அங்கே செட் என்பதே ஒரு கண நேரம் கடந்து போகும் இடம். 2002-ல் கவாலியர்ஸ் கோர் 100-க்கு 99.15 எடுத்த ஃப்ரேம்வொர்க்ஸ் நிகழ்ச்சி, மைக்கேல் கெய்ன்ஸ் எழுதியது, வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. கட்டமும் கோணமும் சுழன்றுகொண்டே இருக்கும், எந்தக் கவுண்டில் படத்தை நிறுத்தினாலும் உருவம் தெளிவாக இருக்கும். உங்கள் வரிசைக்கும் அந்தச் சோதனையை வையுங்கள். 10-வது கவுண்டில் படத்தை நிறுத்தினால் நேர்கோடாகத்தான் இருக்கும், ஆனால் குட்டையாகிப்போன கோடு. விஷுவல் அனாலிசிஸ் நடுவர் எழுத்துக்கும் நடைக்கும் சேர்த்தே மதிப்பெண் போடுகிறவர். எழுத்தில் இருக்கும் குறை இரண்டு இடத்திலும் கழியும்.

மிட்செட்:

மூன்று துண்டாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன், ஸ்நேர் மோதல் போய்விட்டது. இப்போது புதுசாக ஒன்று. பின்பக்கம் ஒரு கொடி ஆள் (கொடி சுழற்றுபவர்) நிற்கிறார், 45-க்கு 4 ஸ்டெப் வெளியே, ஹாஷுக்கு 12 பின்னே. அவர் நகர்வதில்லை. முன்பு யாரும் அவரைத் தொடவில்லை. இப்போது 12-வது கவுண்டில் கடைசிக்கு முந்தைய டிரம்பெட் அவர் மேலேயே போகிறார். அந்த ஆளை மாற்றினால் கொடியின் அடுத்த செட் கெடும்.

எட்டுக்கு_ஐந்து:

வரவேண்டியதுதான். பழைய வரைபடத்தில் வரிசை சுருங்கியதால்தான் அவர் தப்பித்துக்கொண்டிருந்தார். அவர் நடுவிலிருந்து 17 ஸ்டெப் தூரத்தில் நிற்கிறார். முன்பு 12-வது கவுண்டில் முனை 14.1-ல் கடந்துபோனது, இப்போது 19.3. கிட்டத்தட்ட 10 அடி வெளியே வந்திருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பின்னோக்கி நடப்பவர்கள், முதுகில் கண் கிடையாது. வரிசையைத் திருத்தும்போதெல்லாம் அது பெருக்கிக்கொண்டு போகும் இடத்தை ஒரு வட்டமாகப் போட்டு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்த செட்டைத் தொட வேண்டாம், அவர் இந்த டாட்டுக்கு வரும் நேரத்தை மட்டும் தள்ளுங்கள். செட் 14-ல் 40-க்கு 1 ஸ்டெப் வெளியே, ஹாஷுக்கு 17 பின்னே நிற்கட்டும். அது நடுவிலிருந்து 24 ஸ்டெப். 6 அடிக் கம்பு மூன்று ஸ்டெப் சொச்சம்தான் எடுக்கும், முனை கடந்து போகும்போது கம்பைச் சுழற்றாமல் உடம்போடு பிடித்தால் போதும். 16-வது கவுண்டில் வரிசை 60 டிகிரியில் இருக்கும்போது அவருடைய பழைய டாட்டுக்கும் வரிசைக்கும் 4.4 ஸ்டெப் இடைவெளி வந்துவிடும். அங்கிருந்து 8 கவுண்டில் உள்ளே வரட்டும். ஸ்டெப் 20 அங்குலம், சும்மா நடக்கலாம். செட் 15-ல் பழைய இடத்திலேயே இருப்பார்.

வரிசை விட்டுப்போன இடத்தில் கொடி நுழைவதால் மேலிருந்து பார்க்கும்போது டிரம்பெட்தான் அவரை இழுத்துக்கொண்டு வருவது போலத் தெரியும். பின்பக்கம் இன்னும் இரண்டு கொடி ஆள் இருந்தால் அவர்களையும் 17, 18-வது கவுண்டில் ஒருவர்பின் ஒருவராகக் கிளப்பிவிடுங்கள்.