மறு: பிளீடிங் – காற்றெடுப்பு, கூடவே வயருக்கும் ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும் 'பிளீடிங்' வேலைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வடிப்பு, காற்றகற்றல், காற்றெடுப்பு. என் வாக்கு காற்றெடுப்புக்கு. போன சனிக்கிழமை முழுக்க இந்த வேலையில்தான் இருந்தேன், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே ஜெர்மனியில் என்னிடம் இருப்பது 1987ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி3. படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் வேன். 1982 வரை இந்த வண்டியின் பெட்ரோல் எஞ்சின் காற்றில்தான் குளிர்ந்தது. அப்புறம்தான் தண்ணீரில் குளிர்வதை வைத்தார்கள். எஞ்சின் பழையபடி பின்னாலேயே இருக்க, ரேடியேட்டர் முன்னால் போனது. நடுவே வண்டியின் அடிவயிற்றில் நீளமாக இரண்டு குழாய்கள். சுமார் 16 லிட்டர் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், பிடிக்கும். ஒரு ஹோஸை மாற்றினாலே உள்ளே எங்காவது காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. பின்னால் எஞ்சின் கொதிக்கும். முன்னால் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும்.

அந்தக் காற்றை வெளியே கொண்டுவருவதுதான் வேலை. முன்சக்கரங்களைச் சரிவுப் பலகையில் ஏற்றினேன். ஹீட்டரை முழுதாகத் திறந்து, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடவிட்டு, பின்னால் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தார் என் மனைவி. முன்னால் நான் ரேடியேட்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தினேன். முதலில் உஸ்ஸென்று வெறும் காற்று. பிறகு நுரை, துப்பித் துப்பி. நெடுநேரம் கழித்து, நூல் பிடித்த மாதிரி ஒரே சீராகக் கூலன்ட். உடனே திருகை இறுக்கினேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'வடிப்பு' இந்த இடத்தில் ஆபத்தானது. கூலன்ட் முழுவதையும் கீழே இறக்குவதற்கு வேறு திருகு இருக்கிறது, அதைத்தான் வடிப்பது என்போம், கஞ்சி வடிக்கிற மாதிரி. 'வடிப்புத் திருகைத் திற' என்று எழுதினால் படிப்பவர் 16 லிட்டரையும் தரையில் விட்டுவிடுவார். ஆங்கிலத்துக்கு இதில் ரத்தம் கசிவது தெரிந்தது. ஜெர்மன்காரர்கள் 'என்ட்லுஃப்டன்' என்கிறார்கள், காற்றைப் போக்குவது என்று பொருள். காற்றகற்றல் அதற்குக் கிட்டத்தட்ட நேர்ச்சொல், தவறே இல்லை. ஆனால் கையில் ஸ்பேனருடன் நிற்கிறவர் 'காற்றகற்றிவிட்டாயா?' என்று கேட்கமாட்டார்.

ஊரில் எங்கள் தோட்டத்து டீசல் எஞ்சினில் எண்ணெய் தீர்ந்து நின்றுபோனால், மறுபடி ஊற்றியதும் கிளம்பாது. அப்பா நட்டைத் தளர்த்தி, கைபம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை பார்த்துவிட்டு, 'ஏர் எடுத்தாச்சு, சுத்து' என்பார். சொல் அங்கேயே இருக்கிறது. ஏருக்குப் பதில் காற்று, அவ்வளவுதான்.

'மூச்செடுப்பது உள்ளே இழுப்பதல்லவா, காற்றெடுப்பும் குழப்பாதா?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் முள்ளெடுப்பது, பேனெடுப்பது, சிக்கெடுப்பது எல்லாமே வேண்டாததை வெளியே கொண்டுவருவதுதான். குழாய்க்குள் காற்று வேண்டாதது என்று தெரிந்தவருக்குக் குழப்பம் வராது. பிரேக்குக்கும் இதே சொல் போதும். குளிர்காலம் தொடங்குமுன் இங்கே வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் காற்றெடுக்க ஒரு குட்டிச் சாவி உண்டு. அது காற்றெடுப்புச் சாவி.

குழாயில் காற்று சிக்கி ஓட்டத்தை அடைத்துக்கொள்ளும் ஏர்லாக்கிற்குக் 'காற்றுப்பூட்டு' வேண்டாம் என்பது என் கருத்து. மூக்கடைப்பு, மாரடைப்பு வரிசையில் காற்றடைப்பு. விண்கலத்தில் இரட்டைக் கதவு வைத்த அறைக்கும் ஆங்கிலத்தில் ஏர்லாக் என்றுதான் பெயர். பூட்டை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி வயர். காற்றெடுத்து முடித்த பிறகும் வெப்பமானியின் முள் மேலேயே நின்றது. ஹோஸ் சூடு சரியாக இருந்தது. இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டேன், முள் இன்னும் ஏறியது. அணைத்தேன், இறங்கியது. விளக்குக்கும் தண்ணீர்ச் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்? டார்ச்சைக் கடித்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஜெர்மன் வண்டிகளில் பழுப்பு வயர் என்றால் எர்த், மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. அந்தப் பழுப்பு வயரை யாரோ வெட்டி, நடுவில் ஒரு சாண் நீலநிற ஸ்பீக்கர் வயரை முறுக்கி வைத்து, கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. ஹெட்லைட் எரியும்போது அந்த எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.8 வோல்ட். அந்த அளவுக்கு மானிக்குப் போகும் மின்னழுத்தம் கூடிவிடுகிறது, முள் பொய் சொல்கிறது. நல்ல பழுப்பு வயர் வைத்து இணைத்ததும் 0.05 ஆனது, முள்ளும் நடுவில் வந்து நின்றது.

இப்படி முன்னாள் உரிமையாளர்கள் செருகிவிட்டுப் போன, எந்த வயரிங் வரைபடத்திலும் இல்லாத வயருக்கு 'மர்மக் கம்பி' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். மர்மம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாததைத்தான் சொல்கிறது, வயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நம்மிடம் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: இடைச்செருகல். மூலத்தில் இல்லாத பாட்டைப் பிற்காலத்தவர் சேர்த்தால் பதிப்பாசிரியர்கள் என்ன செய்வார்கள்? ஏடுகளை ஒப்பிட்டு, நடையைப் பார்த்துப் பிரித்தெடுப்பார்கள். நாமும் வரைபடத்தை ஒப்பிட்டு, நிறத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறோம். வேலை ஒன்றே. 'இடைச்செருகல் வயர்' என்று முழுதாகவோ, இடம் தெரிந்தால் 'செருகல்' என்று சுருக்கியோ எழுதலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எர்த்துக்கு நம் பட்டியலில் 'புவியிணைப்பு' இருக்கிறது. வீட்டுக்குச் சரி. நான்கு ரப்பர் டயரில் நிற்கிற வேனுக்கு அது எப்படிப் பொருந்தும்? வண்டியின் இரும்பு உடலே மின்சாரம் திரும்பும் வழி என்பதால் நம் மெக்கானிக்குகள் 'பாடி எர்த்' என்கிறார்கள். அந்தப் பாடியை விடாமல் ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.