அரசுப் பள்ளி ஆர்ஓ நிலையம்: ஒப்படைத்த பிறகு பராமரிப்புச் செலவுக்கு என்ன வழி?

வணக்கம். சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணியில் இருப்பவர்களிடம் ஒரு உதவி.

அரசுப் பள்ளிகளில் மணிக்கு 250 லிட்டர் ஆர்ஓ (சவ்வு வழியாக உப்பை நீக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு) நிலையங்கள் அமைக்கும் திட்டம் இது. நிறுவுவதில் சிக்கல் இல்லை, பின்னால்தான் படுத்துவிடுகிறது. காட்ரிட்ஜை (முன்வடிகட்டி) சில மாதங்களுக்கொரு முறையும், மெம்பிரேனை (உப்பை நீக்கும் சவ்வு) இரண்டு மூன்று ஆண்டுகளிலும் மாற்ற வேண்டும். 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின் கீழ் வரும் சிஎஸ்ஆர் விதிகளின்படி, தொடர் திட்டத்துக்குத் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுகளே கெடு. மெம்பிரேன் தேயும் நேரத்தில் நம் பணமும் நின்றுவிடுகிறது. பள்ளி பெயரில் வைப்பு நிதி போட்டு வட்டியில் ஓட்டலாம் என்றால், 2021 திருத்தத்துக்குப் பிறகு இப்படி மூலதன நிதிக்குக் (கார்பஸ்) கொடுப்பது சிஎஸ்ஆர் செலவாகாது.

கோடை விடுமுறை இன்னொரு தலைவலி. வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் மெம்பிரேனில் பாசி போல நுண்ணுயிர்ப் படலம் பிடிக்கும். பூட்டும் முன் நுண்ணுயிர் வளராமல் தடுக்கும் 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை நிரப்ப வேண்டும், அதைச் செய்ய ஆள் இல்லை.

டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மி.கி.க்குக் கீழே உள்ள ஊர்களில் ஆர்ஓவே வேண்டாம், வடிகட்டியும் யுவியும் (கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு) போதும் என்பது எங்கள் முடிவு. ஆர்ஓ ஒதுக்கும் கழிவுநீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்புகிறோம்.

தெரிய வேண்டியவை: பள்ளி மேலாண்மைக் குழுவோ ஊராட்சியோ பராமரிப்பை ஏற்கும்படி ஒப்பந்தம் எழுதியவர்கள் எந்தச் செலவை யார் தலையில் வைத்தீர்கள்? மூன்றாண்டுப் பராமரிப்புத் தொகையை முன்பணமாகக் கொடுத்தால், பணம் உரிய வகையில் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றில் நிறுவனத்தின் நிதி அதிகாரி கையெழுத்திட ஒப்புகிறாரா? ஒப்பந்த மாதிரி இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.