சுவரில் எழுதியதை யாரும் படிக்கவில்லை: திரையில் அரபு மொழியும் அரபு மனிதர்களும்

நூன் (இழையைத் தொடங்கியவர்)

2015இல் ‘ஹோம்லேண்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவத்தை பெர்லினில் படமாக்கினார்கள். கதையில் சிரிய அகதிகள் முகாம் ஒன்று வருகிறது. முகாமின் சுவர்கள் அசலாகத் தெரிய வேண்டுமே என்று தெருச்சுவர் ஓவியர்கள் மூவரை அழைத்து, அரபில் எதையாவது கிறுக்கச் சொன்னார்கள். அவர்கள் எழுதிவைத்தது: ‘ஹோம்லேண்ட் இனவெறி பிடித்தது.’ இன்னொரு சுவரில், ‘ஹோம்லேண்ட் ஒரு நகைச்சுவை, ஆனால் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.’ படப்பிடிப்பு முடிந்தது, படத்தொகுப்பு முடிந்தது, அக்டோபரில் ஒளிபரப்பும் ஆனது. கதாநாயகி அந்தச் சுவரைக் கடந்து நடந்துபோகிறார். அத்தனை பேர் கண்பட்ட காட்சியை ஒருவர்கூட படித்துப் பார்க்கவில்லை. ஓவியர்களே வெளியில் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

நான் அரபிலிருந்து மொழிபெயர்த்துப் பிழைப்பவள். ஒரு படம் அரபு மனிதனை மனிதனாக மதிக்கிறதா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும்: அவன் பேசும் மொழியை அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் யாராவது காது கொடுத்துக் கேட்டார்களா? ஈராக்கில் நடக்கும் ‘அமெரிக்கன் ஸ்னைப்பர்’ மொராக்கோவில் எடுக்கப்பட்டது. பாக்தாத்காரர் ‘எப்படி இருக்கிறாய்’ என்பதற்கு ‘ஷ்லோனக்’ என்பார். ‘உன் நிறம் என்ன’ என்பது அதன் நேர்ப்பொருள். மொராக்கோக்காரர் ‘லாபாஸ்’ என்பார். இரண்டுக்கும் இடையில் ஒரு கண்டத்தின் அகலம் இருக்கிறது. பெரும்பாலான படங்களுக்கு இரண்டுமே தொண்டையிலிருந்து வரும் ஏதோ ஒரு கத்தல்.

நாமும் யோக்கியர்கள் இல்லை. 2022இல் ஊரெல்லாம் ஆடிய, ‘பீஸ்ட்’ படத்தின் ‘அரபிக் குத்து’ பாடலில் அரபு எங்கே இருக்கிறது?

திரைப்பித்தன்

வந்துவிட்டீர்களா குத்துப்பாட்டுக்கும்! அம்மணி, 1994இல் ‘முக்காலா முக்காபுலா’ வந்தபோது அது எந்த மொழி என்று யாராவது கேட்டோமா? தமிழ்ப் பாட்டில் பொருளில்லாச் சத்தம் என்பது நம் சொத்து. தாளத்துக்கு வாய் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாடலுக்காக எந்த அரபு நாட்டிலாவது யாராவது கண்ணீர் விட்டார்களா? குவைத்தில் அந்தப் படத்தைத் திரையிட அனுமதிக்கவில்லை என்பது உண்மை. பாட்டு அதற்குக் காரணம் இல்லை, தீவிரவாதிகளைக் காட்டிய விதம்தான் காரணம் என்றே பேசப்பட்டது.

சுவர் விஷயத்தில் தயாரிப்பாளரே அந்தக் குறும்பைப் பாராட்டியதாகப் படித்தேன். திரைப்படம் என்பது அட்டைச்சுவர், ஐயா. நம் படத்தில் ஊட்டியைக் காட்டிவிட்டு காஷ்மீர் என்பார்கள். யாரும் காஷ்மீரியின் மனம் நொந்ததாக இழை தொடங்குவதில்லை.

கீழக்கரையான்

அட்டைச்சுவர் சரி. ஆனால் அதில் எழுத்தே தலைகீழாக இருந்தால்?

எங்கள் ஊரில் சிறுவயதிலேயே அரபு எழுத்து கூட்டி ஓதப் பழகிவிடுவோம். பொருள் தெரியாது, எழுத்து தெரியும். எங்கள் பாட்டிமார்களிடம் அரபு எழுத்தில் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களே இருந்தன. அரபுத்தமிழ் என்போம். ‘ட’, ‘ள’, ‘ங’ போன்ற ஒலிகளுக்கு அரபில் எழுத்து இல்லை என்பதால் இருக்கிற எழுத்துகளில் புள்ளியும் கோடும் சேர்த்துப் புதிதாக உருவாக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். படங்களில் கடைப் பலகை, செய்தித் தொலைக்காட்சியின் கீழ்வரி, பச்சை குத்தல் என்று அரபு வரும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பலவற்றில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, இடமிருந்து வலமாக நிற்கும். அரபு வலமிருந்து இடமாகப் போகும். சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு எழுத்தும் உருமாறி அடுத்ததோடு கைகோக்கும். அந்த வசதி இல்லாத மென்பொருளில் ஒட்டினால் ஊர்வலம் கலைந்த கூட்டம்போல ஆகிவிடும். காரணம் தொழில்நுட்பம்தான், சதி இல்லை. ஆனால் வெளிநாட்டு அறிவிப்புப் பலகைகளில் நம் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம் என்று தமிழைக் காணும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது, திரைப்பித்தன்? நீங்களே அந்தப் படத்தைப் பகிர்ந்து கொதித்தவர்தானே?

திரைப்பித்தன்

கொதித்தேன். மறுக்கவில்லை. மறுநாள் மறந்தும் போனேன்.

தம்மாம் ஓட்டுநர்

எழுத்து சேரவில்லை, ‘ஷ்லோனக்’ சரியில்லை என்று நீங்கள் எல்லோரும் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகள் சவூதியில் வண்டி ஓட்டியவன் நான். முதல் மூன்று ஆண்டுகள் என் கடவுச்சீட்டு முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. ஊரில் அப்பா இறந்த செய்தி வந்து, விடுப்புக் கிடைக்க நாற்பது நாள் ஆனது. அரபுக்காரரைப் படத்தில் கெட்டவராகக் காட்டுகிறார்களே என்ற வருத்தம் எனக்கு வரவில்லை. மன்னியுங்கள்.

2024இல் ‘ஆடுஜீவிதம்’ என்ற மலையாளப் படம் வந்தபோது, பாலைவனத்து ஆட்டுக்கொட்டிலில் மாட்டிக்கொண்ட நஜீபைப் பார்த்து எங்கள் அறையில் எல்லோரும் அழுதோம். படம் இணையத்துக்கு வந்ததும் அங்கே பலருக்குக் கோபம். அதில் நடித்த ஜோர்டான் நடிகர் ஒருவர் சவூதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது? அந்தக் கொட்டிலில் கிடந்தவனிடம் யாராவது கேட்டார்களா?

திரைப்பித்தன்

இதைத்தான் சொல்ல வந்தேன். அண்ணன் ஒரே பதிவில் முடித்துவிட்டார். கொடுமை நடந்தது, படம் எடுத்தார்கள். இதற்கு மேல் ‘சித்திரிப்பு’ என்று பேசுவதெல்லாம் குளிர்சாதன அறைக் கவலை.

நூன்

தம்மாம் அண்ணா, உங்களிடம் வாதாட எனக்கு வாய் இல்லை. உங்களை முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னால் ஒளியும் திரைப்பித்தனிடம் இருக்கிறது.

‘ஆடுஜீவிதம்’ என் அளவுகோலில் தேறும் படம். அந்த முதலாளியாக நடித்தவர் தாலிப் அல் பலூஷி, ஓமான் நாட்டவர். அந்த மனிதர் பேசுவது வளைகுடாவின் பேச்சு. நஜீபுக்கு அது புரியாததுதான் கதையின் பாதி வலி. மொழி அங்கே வெறும் சத்தம் அல்ல, சுவர். அப்படிக் காட்டுவதற்கு அந்த மொழியை முதலில் மதிக்க வேண்டும். தவிர, அந்த ஆள் நஜீபின் உண்மையான கஃபீல்கூட (விசா தந்து வேலைக்கு அழைத்த முதலாளி) இல்லை. விமான நிலையத்தில் ஆள் தெரியாமல் நின்றவனை ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போனவன். பாலைவனத்தைக் கடந்து அரை உயிராகச் சாலைக்கு வந்தவனைத் தன் சொகுசுக் காரில் ஏற்றி ஊரில் கொண்டுபோய் விடுபவரும் ஓர் அரபியர்தான். படம் எடுத்தவர்கள் அந்த மனிதரை மறக்கவில்லை. படத்தைக் கண்டித்த பலரும் மறந்துவிட்டார்கள், கொண்டாடிய பலரும் மறந்துவிட்டார்கள்.

நான் கேட்பது நல்ல அரபியர் வேண்டும் என்பதல்ல. கொடியவனாக இருக்கட்டும், ஆனால் யாரோ ஒருவனாக இருக்கட்டும்.

திரைப்பித்தன்

அப்படியானால் உங்கள் அளவுகோல் முறிந்தது. மொழி சரியாக இருந்தால் எத்தனை கொடூரமாகக் காட்டினாலும் சரி என்கிறீர்கள். ஜாக் ஷாஹீன் என்ற பேராசிரியர் 900க்கு மேற்பட்ட ஹாலிவுட் படங்களை அலசி, பெரும்பாலானவற்றில் அரபியர் கொள்ளைக்காரர், காமுகர், குண்டு வைப்பவர் என்று பட்டியல் போட்டாரே, அவருக்கு மொழி ஒரு பொருட்டா? வேடம்தான் பொருட்டு.

நூன்

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், மொழி மட்டும் போதாது. ஆனால் ஷாஹீனின் பட்டியலையே புரட்டுங்கள். அந்த வேடங்களில் பலவற்றுக்கு வசனமே கிடையாது. கத்துவார்கள், சுடுவார்கள், செத்துவிழுவார்கள். வாயைப் பிடுங்கிய பிறகுதான் வேடத்தை மாட்ட முடிகிறது. மாறாக ‘தி ஹர்ட் லாக்கர்’ எடுத்தவர்கள் ஜோர்டானில் அடைக்கலம் புகுந்திருந்த ஈராக்கிய அகதிகளையே நடிக்க வைத்தார்கள். அமெரிக்கச் சிப்பாயின் கண்வழிக் கதைதான், அதில் எனக்குச் சண்டை உண்டு. ஆனாலும் தெருவில் நிற்பவர்களின் முகமும் பேச்சும் ஈராக்குடையவை.

கீழக்கரையான்

டிஸ்னியின் ‘அலாதீன்’ பாட்டு ஒன்றை மாற்றினார்கள் என்பார்களே, அது மெய்யா?

நூன்

மெய்தான், காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே அழைப்பீர்கள்). 1992இல் படம் வந்தபோது தொடக்கப் பாடலில், முகம் பிடிக்கவில்லை என்றால் காதை வெட்டும் ஊர் என்று ஒரு வரி இருந்தது. அமெரிக்க அரபியர்களின் அமைப்பு எதிர்த்தது. 1993இல் வீடியோ நாடா வெளியானபோது காது வெட்டுவது போய், பரந்த நிலம், கொளுத்தும் வெயில் என்று ஆனது. ஆனால் ‘காட்டுமிராண்டித்தனம்தான், ஆனாலும் நம் வீடு’ என்ற அடுத்த வரியை விட்டுவிட்டார்கள். அது ‘ஒரே குழப்பம்தான்’ என்று மாற 2019இன் புதிய படம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்கு 27 ஆண்டுகள்.

நெறியாளர்

தலைப்புக்குத் தொடர்பில்லாத நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. மதச்சண்டைக்கு வேறு இடம் பாருங்கள்.

எண்ணெய்விளக்கு

நூன் ‘அரபு’ என்று ஒருமையில் பேசுவதில்தான் எனக்குச் சிக்கல். எந்த அரபு? கெய்ரோவின் திரைப்படங்களைப் பார்த்துப் பார்த்து எகிப்தியப் பேச்சு எங்கும் புரியும். டிஸ்னி படங்கள் நெடுங்காலம் அந்தப் பேச்சிலேயே குரல்மாற்றம் செய்யப்பட்டன. பிறகு ‘ஃப்ரோஸன்’ வந்தபோது ஃபுஸ்ஹா என்ற இலக்கிய நடைக்கு மாறினார்கள். பனி அரசி செய்தி வாசிப்பதுபோல் பாடுகிறாள் என்று அரபியர்களே முகம் சுளித்தார்கள். நம் வடிவேலு சங்கத் தமிழில் அடி வாங்குவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதே நேரம், ‘கிரண்டைஸர்’ என்ற ஜப்பானியக் கேலிச்சித்திரத் தொடரை பெய்ரூத்தில் ஃபுஸ்ஹாவில் குரல்மாற்றம் செய்தார்கள், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதில் சொக்கிப்போனார்கள். 2008இல் ‘நூர்’ என்ற துருக்கித் தொடர் சிரியப் பேச்சில் வந்து வீடுகளையெல்லாம் கட்டிப்போட்டது. அவர்களுக்குள்ளேயே எந்தக் குரல் யாருடையது என்பது தீராத வழக்கு. அதில் பெர்லின் தளத்தில் ஒருவர் தவறு செய்தார் என்று தண்டிக்கலாமா?

நூன்

வழக்கு இருப்பதே மொழி உயிரோடு இருப்பதற்கு அடையாளம். வழக்கு இருப்பது தெரியாமல் படம் எடுப்பதைத்தான் சொல்கிறேன். எந்த வட்டாரம் என்று தெரியாமல் தடுக்கி விழுந்தவரை மன்னிக்கலாம். எழுதியிருப்பது என்ன என்றே கேட்காதவரை?

தம்மாம் ஓட்டுநர்

ஒன்று சொல்லாமல் விட்டேன். ரமலான் மாதத்தில் அங்கே தொலைக்காட்சியில் புதுப்புது நகைச்சுவைத் தொடர்கள் வரும். அவற்றில் இந்தியத் தொழிலாளி என்று ஒருவர் வருவார். வினைச்சொல்லை மடக்கத் தெரியாமல், ஆண்பால் பெண்பால் குழம்பி அரபு பேசுவார். வீடே சிரிக்கும். முதலாளியின் பிள்ளைகள் என்னைப் பார்த்து அதேபோல் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பேசிய அரபு அதுதானே. ஆனால் நான் நஜீபும் இல்லை, அந்தக் கோமாளியும் இல்லை. எனக்கு அந்த ஊரின் எல்லாச் சந்துகளும் தெரியும். அது எந்தத் தொடரிலும் வரவில்லை.

திரைப்பித்தன்

அண்ணா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நேரம் தட்டச்சு செய்திருக்க மாட்டேன். இருந்தாலும் குத்துப்பாட்டை நான் கைவிடுவதாக இல்லை.

நூன், ஒரு சந்தேகம். அந்தச் சுவர்களில் ‘ஹோம்லேண்ட் ஒரு தர்ப்பூசணி’ என்றும் எழுதியிருந்தார்களாமே. அது என்ன கணக்கு?

நூன்

‘பத்தீக்’ என்றால் தர்ப்பூசணி. நம்ப லாயக்கில்லாத வெற்றுச் சரக்கு என்ற பொருளிலும் சொல்வார்கள்.

திரைப்பித்தன்

அருமையான சொல். தாளத்துக்கும் உட்காருகிறது. அடுத்த பாட்டில் இதையாவது வைக்கச் சொல்வோம். அசல் அரபு!

நூன்

வையுங்கள். ஆனால் பாடுபவரிடம் சொல்லிவிடுங்கள்: ‘அம்பு’வில் வரும் ‘ப’, ‘பழம்’ என்பதில் வரும் ‘ப’ அல்ல. பின்னது அரபில் கிடையாது.

தம்மாம் ஓட்டுநர்

அது எனக்கு நன்றாகத் தெரியும். என் பெயர் பாண்டி. பத்தொன்பது ஆண்டுகளும் அந்த ‘அம்பு’ ‘ப’வில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.