விண்வெளி வானிலையா, விண்ணிலையா? காந்தப் புயலை என்ன செய்வது?

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சூரியனில் கிளம்பும் கொந்தளிப்பு பூமியை எட்டும்போது யாருக்கு எதை அறிவிப்பது என்பதுதான் அத்தியாயம். 'விண்வெளி வானிலை' என்று எழுதி வந்தேன். விமானிக்கு ஒரு விதமாக, மின்தொகுப்பு நடத்துபவருக்கு வேறு விதமாக ஆக்கித் தரும் சேவைக்கு என்ன சொல்வது? 'தனிப்பயனாக்கிய சேவை' வாயில் நுழையவில்லை.

*

தம்பி, முதல் சொல்லே சரியில்லை. வானிலையில் வான் இருக்கும்போது விண்வெளி எதற்கு? விண் + நிலை = விண்ணிலை; கண்ணீர் போலத்தான் புணர்ச்சி. அதோடு, வான் என்றால் மழை. குறளில் 'வான்சிறப்பு' மழையைத்தானே பாடுகிறது? காற்றில்லாத வெளிக்குப் புறநானூறு 30ஆம் பாட்டில் 'வறிது நிலைஇய காயம்' என்று சொல்லே இருக்கிறது; காயம் என்றால் ஆகாயம். 'காயநிலை' என்றும் ஆக்கலாம்.

*

ஐயா, காயநிலை என்றால் என் மாணவர்கள் அடிபட்ட காயம் என்றே படிப்பார்கள். விண்ணிலையை விண் + இலை என்றும் பிரிக்கலாம்.

என் கவலை வேறு. 'காந்தப் புயல் எச்சரிக்கை' என்று கையேட்டில் வருமா? கடலோரத்தில் புயல் எச்சரிக்கை என்றால் படகைக் கரையேற்றுவார்கள். இதிலோ காற்றும் இல்லை, அலையும் இல்லை; பூமியின் காந்தப்புலம்தான் குலைகிறது. 2024 மே மாதம் வந்தது ஐந்து படி அளவுகோலில் உச்சப்படியான ஜி5. அமெரிக்காவில் விதைப்புக் காலம். ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்கள் தடுமாறின. அந்த விவசாயிக்கு 'ஜி5' என்று சொல்லி என்ன பயன்? 'இன்று ஜிபிஎஸ்ஸை நம்பி வரிசை பிடிக்க வேண்டாம்' என்று சொல்ல வேண்டும்.

*

அம்மா சொல்வது முழுக்கச் சரி. நான் மின்தொகுப்பில் வேலை பார்த்தவன். 1989 மார்ச்சில் இப்படியொரு காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணமே ஒன்பது மணி நேரம் இருண்டது. எங்களுக்கு வேண்டியது எந்த வட்டாரத்தில், எவ்வளவு நேரத்தில் என்பதுதான். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும் ஆதித்யா எல்1 போன்ற கலங்களைத் தாண்டிய சூரியக் காற்று ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பூமிக்கு வந்துவிடலாம். ஆகவே நாள்கணக்கில் முன்னால் சொல்வது 'முன்னறிவிப்பு', வாசலுக்கு வந்தபின் சொல்வது 'எச்சரிக்கை' என்று பிரித்து எழுதுங்கள். சேவைக்குப் 'பயனர்க்கேற்ற அறிவிப்பு' போதும்.

*

'பயனர்' கணினிச் சொல்லாகிவிட்டது. 'வேண்டுநர்' எவ்வளவு அழகு!

*

ஐயா, வேண்டுநர் என்றால் மனுக் கொடுப்பவர் போல் ஒலிக்கிறது.

இன்னொன்று: திருநெல்வேலிப் பக்கம் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியது. புயல் இல்லாத நாளிலும் பொழுது சாய்ந்தபின், வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனிமண்டலத்தில் குமிழிகள் எழும்பி ஜிபிஎஸ் அலையை மினுங்க வைக்கும். புயல் என்ற சொல்லையே நம்பியிருந்தால் நம்மூர் நில அளவையாளருக்கு இது தெரியாமலே போகும். அதனால் 'காந்தக் குலைவு', 'அலை மினுங்கல்' என்று தனித்தனியாக வையுங்கள்.

*

சரி. பெரும்பாலோர் கருத்துப்படி விண்வெளி வானிலை அப்படியே இருக்கட்டும். பயனர்க்கேற்ற அறிவிப்பு, காந்தக் குலைவு, அலை மினுங்கல் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். செய்தித்தாள்களில் பழகிவிட்டதால் 'காந்தப் புயல்' முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் வரும்.

*

குலைவை ஏற்கிறேன், தம்பி. விண்வெளி வானிலையை ஏற்கவில்லை. பின்னிணைப்பில் விண்ணிலையையும் சேருங்கள். புணர்ச்சி விளக்கத்தை இன்றிரவே எழுதி அனுப்புகிறேன்.