வீட்டுப்பாட ஆப்: வெள்ளி என்று போட்டால் வியாழன் விழுகிறது, உதவி தேவை

டீச்சர்_குவாத்ர்போர்ன் | புதன், 12 பிப்ரவரி 2025
வணக்கம். இங்கே மொரீஷியஸில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். என்ன வீட்டுப்பாடம், எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று பார்ப்பதற்கு நானே ஒரு சின்ன வெப் ஆப் செய்தேன். இப்போது தேதி ஒருநாள் முன்னால் போய்விடுகிறது. போன வெள்ளி சரியாக நோட்டு கொண்டுவந்த ஐந்து பேருக்கு 'தாமதம்' என்று சிவப்பில் வந்துவிட்டது. ஒரு பிள்ளை அழுதேவிட்டாள். நேற்றுக் காவடி முடிந்து வீட்டுக்கு வந்து இரவு இரண்டு மணி வரை தேடினேன், பிடிபடவில்லை. இணைப்பு கீழே இருக்கிறது. மற்ற குறைகளையும் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில்_தம்பி
டீச்சர், எந்த பிரவுசர்? போனா, கணினியா? தகவல் எங்கே சேமிக்கிறீர்கள்? இது எதுவும் சொல்லவில்லையே. எனக்கென்னவோ கேஷ் பிரச்சினை போலத் தெரிகிறது. பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஹிஸ்டரியை அழித்துவிட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
கூகுள் ஷீட்டில் சேமித்தால் அந்த ஷீட்டுக்கென்று தனியாக ஒரு நேர மண்டலம் இருக்கும். அது அமெரிக்காவில் நிற்கும். அமைப்புகளில் போய் மாற்றுங்கள். எனக்கு இரண்டு முறை இப்படி ஆகியிருக்கிறது. நிச்சயம் இதுதான்.

மூத்தநிரலர்
தேதியைக் கையாள்வது நிரல் எழுதுவதில் முதல் பாடம். அது தெரியாமல் பிள்ளைகளின் கையில் ஒரு ஆப்பைக் கொடுக்கக் கூடாது. தயாராகக் கிடைக்கும் கூகுள் கிளாஸ்ரூமை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, நீங்களேதான் செய்ய வேண்டும் என்றால், மொரீஷியஸ் உலகப் பொது நேரமான யூடிசிக்கு (UTC) நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறது. எல்லாத் தேதிகளோடும் 4 மணி கூட்டுங்கள், முடிந்தது.

டீச்சர்_குவாத்ர்போர்ன்
கூகுள் ஷீட்தான். குரோம், போனிலும் கணினியிலும் அப்படியே. ஹிஸ்டரி அழித்தேன், மாறவில்லை. ஷீட்டின் நேர மண்டலமும் மொரீஷியஸ்தான். இன்னொன்று, லண்டனில் இருக்கும் என் தம்பி தேதி போட்டுப் பார்த்தான், அவனுக்குச் சரியாக வருகிறது!

கடலோரம்
அக்கா, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது அந்தக் கடைசி வரிதான். இரண்டு கேள்வி. இந்த வெள்ளி, 14-ஆம் தேதி என்று போட்டால் ஷீட்டின் கட்டத்தில் இருப்பது 13-ஆ, 14-ஆ? சேமிக்கும் வரியில், தேதியை எழுத்தாக மாற்றும் 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' (toISOString) என்ற கட்டளை இருக்கிறதா?

ஒரு_அம்மா_வாக்வா
தேதி விஷயம் எனக்குத் தெரியாது. பெற்றோராகப் பார்த்தேன். எல்லாம் தமிழில் இருக்கிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் என் கணவருக்குத் தமிழ் படிக்க வராது. வீட்டில் பேசுவது கிரியோல்தான். சாயங்காலம் பிள்ளையோடு உட்காருபவர் அவர். பொத்தான்களைக் கிரியோலிலும் போட்டால் நல்லது.

ரோஸ்ஹில்_தம்பி
ஆமாம், கிரியோலை மேலேயும் தமிழைக் கீழேயும் வைக்கலாம்.

கணக்குப்பிள்ளை
கீழேயா? 1998-இல் நம் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். எவ்வளவு பெரிய எதிர்ப்பு எழுந்தது, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தமிழ் வகுப்புக்கு ஒரு தமிழ் டீச்சர் செய்த ஆப்பில் நாமே தமிழைக் கீழே வைப்பதா?

ஒரு_அம்மா_வாக்வா
நான் மேலே, கீழே என்று எதுவும் சொல்லவில்லையே ஐயா. என் மகள் அவள் அப்பாவோடு உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

மூத்தநிரலர்
கேட்ட கேள்வியை விட்டு எங்கேயோ போகிறீர்கள். 4 மணி கூட்டச் சொன்னேன், செய்தாயிற்றா?

டீச்சர்_குவாத்ர்போர்ன்
கட்டத்தில் 2025-02-13 என்று இருக்கிறது. ஆமாம், டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டுகிறேன். வலையில் பார்த்து எடுத்த வரி.

கடலோரம்
அதேதான் அக்கா. ஷீட்டுக்குப் போகும் முன்பே தேதி தவறிவிடுகிறது. நீங்கள் 14 வெள்ளி என்று தேர்ந்தெடுத்ததும், நாள்காட்டி அதை 'வெள்ளி நள்ளிரவு 12 மணி, மொரீஷியஸ் நேரம்' என்று எடுத்துக்கொள்கிறது. டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் அதை யூடிசி நேரத்துக்கு மாற்றுகிறது. நமக்கு வெள்ளி பிறக்கும்போது யூடிசியில் இன்னும் வியாழன் இரவு 8 மணிதான். அதில் முதல் பத்து எழுத்தை வெட்டினால் வியாழன்தானே மிஞ்சும். லண்டனில் இப்போது குளிர்காலம், அவர்கள் நேரமும் யூடிசியும் ஒன்று. அதனால்தான் உங்கள் தம்பிக்குத் தெரியவில்லை. மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்ததும் அவருக்கும் இதே கதை.

வீட்டுப்பாடத்துக்கு நாள்தான் வேண்டும், மணி வேண்டாம். நாள்காட்டி தரும் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து '2025-02-14' என்று எழுத்தாகச் சேர்த்து அப்படியே அனுப்புங்கள். ஆப்பின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் மாதத்தை 0-விலிருந்து எண்ணும், அதனால் மாதத்தோடு 1 கூட்டிக்கொள்ளுங்கள். காட்டும்போதும் இந்த எழுத்தை நேராக ஜாவாஸ்கிரிப்டின் 'டேட்' (Date) கட்டளைக்குள் போடாமல், ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துக் கொடுங்கள். நேராகப் போட்டால் அதை யூடிசி நள்ளிரவு என்று படிக்கும். நமக்குக் காலை 4 மணி, ஆபத்தில்லை. கனடாவில் இருக்கும் ஒரு சித்தி திறந்தால் முதல் நாளைக் காட்டிவிடும்.

மூத்தநிரலர் ஐயா, 4 கூட்டினால் இன்றைக்கு ஓடும். ஆனால் இந்தியாவிலிருந்து ஒருவர் பதிந்தால் 4 போதாது. நம் நாட்டிலேயே 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்தோம், நினைவிருக்கிறதா? எண்ணை நிரலில் ஆணி அடித்து வைத்தால் இப்படிப்பட்ட மாதங்களில் தவறிவிடும்.

மூத்தநிரலர்
அது எப்போதோ ஒரு கோடையில் நடந்தது. அதற்கெல்லாம் யாரும் நிரல் எழுதுவதில்லை. இருந்தாலும் எழுத்தாக வைப்பது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

கடலோரம்
நன்றி ஐயா. அக்கா, ஏற்கெனவே பதிந்தவை எல்லாம் ஒருநாள் குறைவாக இருக்கும், அவற்றையும் திருத்துங்கள். தம்பி லண்டனிலிருந்து போட்டவற்றைத் தொடாதீர்கள். அப்புறம் இதைவிட முக்கியமான ஒன்று. இணைப்பைத் திறந்தவுடன் கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளின் முழுப்பெயர், யார் தாமதம், யாருக்கு எத்தனை மதிப்பெண், எல்லாம் எனக்குத் தெரிகிறது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இந்த இழையிலிருந்து இணைப்பை உடனே எடுத்துவிடுங்கள். சிவப்பு 'தாமதம்' அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மற்றப் பிள்ளைகள் பார்த்ததால்தானே அவள் அழுதாள்?

ஒரு_அம்மா_வாக்வா
இதை நானே கேட்க நினைத்தேன், தயங்கிவிட்டேன். இன்னொரு சின்ன விஷயம், தேதிக்குப் பக்கத்தில் 'இன்னும் 2 நாள்' என்று போட்டால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

ரோஸ்ஹில்_தம்பி
டீச்சர், சரியாகிவிட்டதா? கேஷையும் ஒருமுறை பார்த்தீர்களா?

டீச்சர்_குவாத்ர்போர்ன் | வியாழன் இரவு
சரியாகிவிட்டது. பழைய பதிவுகளைக் கையாலேயே திருத்தினேன். இணைப்பை எடுத்துவிட்டேன். கடவுச்சொல் போடும்வரை ஆப்பை மூடி வைத்திருக்கிறேன், நாளைக்கு நோட்டில்தான் எழுதிக் கொடுப்பேன். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் பண்ணி, தப்பு என்னுடையது, நீ சரியாகத்தான் கொண்டுவந்தாய் என்று அவளிடமே சொன்னேன். எல்லோருக்கும் நன்றி.